மாணவர் காவல் படைக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு

உங்கள் பள்ளியில் மாணவர் காவல் படை தொடங்கப் போகிறார்கள், தலைமையாசிரியர் கூப்பிட்டு "நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார் என்றால், இது உங்களுக்காக எழுதியது. நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தப் படைக்கு ஆறு வருடமாகப் பொறுப்பாசிரியை. முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது.

அந்த வருடம் பள்ளியைச் சுற்றிப் போதைப் பாக்கு நிறையப் புழங்கியது. சாயங்காலம் பள்ளி விடும்போது கேட்டில் நிற்கும் காக்கி உடைப் பிள்ளைகளிடம், "சந்தேகமா இருந்தா பையத் தொறந்து பாருங்கப்பா" என்று சொன்னது நான்தான். மூன்றாம் நாள், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏழாம் வகுப்புப் பையனின் பையைத் தலைகீழாகக் கொட்டினான். பாக்கு எதுவும் இல்லை. காகிதத்தில் சுற்றிய இரண்டு அவித்த முட்டை உருண்டு வந்தது. ஒன்று அவன் சத்துணவில் தின்னாமல் வைத்தது, இன்னொன்று பக்கத்து இலைப் பையன் கொடுத்தது. இரண்டும் வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு. கேட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவனுக்குப் பெயர் "முட்டை". நான்கு நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்த்தான் கூட்டிவந்தேன்.

பையைக் கொட்டியவன் நல்ல பையன். வகுப்பில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் எழுந்து தண்ணீர் எடுத்துவருகிறவன். நான் அவன் கையில் கொடுத்ததை அவன் பயன்படுத்தினான், அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காவல்துறைப் பயிற்சி கொடுக்கலாமா என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேச்சு வரும். கொடுக்கலாம் என்பதே என் பக்கம். ஆனால் காவல் நிலையத்தில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று மேஜைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி. இன்னொன்று மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டம் சொல்லிக்கொடுங்கள். நாற்காலிக்கு அவர்கள் 18 வயதுக்கு மேல் தேர்வெழுதிப் போகட்டும். இதற்குமேல் நான் சொல்லப் போவதெல்லாம் இதை நடைமுறையில் செய்வது எப்படி என்பதுதான்.

பாடத்திட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது

இந்தத் திட்டம் கேரளாவில் 2010 ஆகஸ்டில் தொடங்கியது. ஐ.பி.எஸ். அதிகாரி பி. விஜயன் முன்னின்று நடத்தினார். அங்கே ஒரு பள்ளிக்கு ஓர் ஆண்டுக்கு 44 பேர், 22 பையன்கள், 22 பெண்கள் என்று கணக்கு. 2018 ஜூலை 21 அன்று, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ராஜ்நாத் சிங் குருகிராமில் இதை நாடு முழுமைக்குமாகத் தொடங்கிவைத்தார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மாதம் ஒரு வகுப்பு. பாடநூல் கிடையாது, தேர்வு கிடையாது. பள்ளிக்கு 50,000 ரூபாய். தலைப்புகள் இரண்டு பகுதி: குற்றத் தடுப்பு ஒன்று, நல்லொழுக்கம் இன்னொன்று. சாலைப் பாதுகாப்பு, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, பொறுமை, பிறர் துன்பம் அறிதல் எல்லாம் அதற்குள் வருகிறது.

கவனித்துப் பாருங்கள். பிடிப்பது, சோதனை போடுவது, உளவு சொல்வது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதெல்லாம் நாமாகச் சேர்ப்பது. உடுப்பு வந்தவுடன் நமக்கே ஓர் ஆசை வந்துவிடுகிறது. பாடநூல் இல்லை என்பதால் அந்த ஆசைக்குத் தடையும் இல்லை. அதனால் முதல் வேலையாக ஒரு நோட்டில் இரண்டு பத்தி கிழித்துக்கொள்ளுங்கள், செய்வது ஒரு பக்கம், செய்யவே மாட்டோம் என்பது ஒரு பக்கம். தலைமையாசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு யாராவது "பிள்ளைகளைக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று கேட்டு வரும்போது அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றும். எனக்கு இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

யாரைச் சேர்ப்பது

உயரம், ஓட்டம், குரல் என்று பார்த்தால் ஏற்கெனவே வகுப்பை மிரட்டிக்கொண்டிருப்பவர்களே வந்து சேருவார்கள். நான் இப்போது மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பேசவே கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு ஒதுக்கிவைக்கிறேன். போலீஸ் என்றால் பயப்படுகிற பிள்ளை ஒன்றாவது கண்டிப்பாக இருக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பயத்துக்கு வயது நூறைத் தாண்டும். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911 வாக்கில் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். குற்றப் பரம்பரை என்று அரசு பட்டியலில் சேர்த்த சமூகங்களின் வயதுவந்த ஆண்கள் கைரேகை பதியவேண்டும், ராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்கவேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நாடு விடுதலை பெற்ற 1947-இல்தான் மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது.

இது வரலாற்றுப் பாடத்தில் இருக்கிற விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒரு காவலர் நல்லெண்ணத்தோடு வந்து, துப்பறிவது எப்படி என்று காட்டுவதற்காக மைப்பட்டையும் அட்டையும் வைத்துப் பிள்ளைகளின் கைரேகையை எடுத்துக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு தாத்தா பள்ளி வாசலில் நிற்கிறார்.

"எதுக்கு டீச்சரம்மா எம் பேரன் ரேகைய எடுத்தீக?"

நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "எங்கய்யா ராத்திரியானா ஸ்டேஷன்ல போயிப் படுத்த மனுசன். அந்த அட்டையக் குடுங்க" என்றார். கொடுத்தேன். நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கைரேகை எங்கள் படையில் "செய்யவே மாட்டோம்" பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் வேறொன்று இருக்கும். மீனவ ஊர், மலையடிவாரம், நகரத்துக் குடியிருப்பு, ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. படை தொடங்குவதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரிடம் அதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போவது

இதைத்தான் மிகக் கவனமாகத் திட்டமிடவேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? பிள்ளைகளை வரிசையாக உள்ளே விடுவார்கள், துப்பாக்கியைக் காட்டுவார்கள், வாக்கி டாக்கியில் பேசவிடுவார்கள், லாக்கப்பைத் திறந்து காட்டுவார்கள், கம்பிக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளும், லட்டு கொடுத்து அனுப்புவார்கள். போய்விட்டு வந்த பிள்ளைக்குத் தெரிந்தது துப்பாக்கி கனமாக இருக்கும் என்பது மட்டும்.

நான் செய்வது இப்படி. ஒரு வாரம் முன்பே நிலையத்துக்குப் போய், அங்கே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டுப் பார்த்துப் பேசுவேன். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு (எஸ்.ஐ.) ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று சிறார் நீதிச் சட்டம் 2015 சொல்கிறது. பிள்ளைகள் முதலில் பார்க்கவேண்டிய ஆள் அவர்தான். ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போக வேண்டாம். யாராவது விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருந்தால் அன்று திரும்பிவந்துவிடுங்கள். இன்னொருவருடைய கெட்ட நாளை நம் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. லாக்கப் வேண்டவே வேண்டாம்.

போகும்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் அது சொந்தமாக எழுதிய ஒரு மனு இருக்கவேண்டும். இதற்கு முந்தைய வாரம் ஒரு வகுப்பு முழுக்கச் செலவிடுங்கள். "என் சைக்கிளைக் காணவில்லை" என்பதே போதும். தேதி, பெறுநர், அனுப்புநர், எங்கே வைத்தேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன், என்ன நிறம், யார் பார்த்தார்கள், என்ன வேண்டுகிறேன். பிள்ளைகள் முதலில் கதை எழுதும். "அய்யா, நான் மிகவும் ஏழை" என்று தொடங்கும். அதை அடித்துவிட்டு நேரத்தையும் இடத்தையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். கெஞ்சாமல் மனு எழுதத் தெரிந்த பிள்ளையை அந்த வீடு வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளும். எங்கள் பழைய மாணவி ஒருத்தி அவள் தெருவுக்கே மனு எழுதிக்கொடுக்கிறாள். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், தெருவிளக்கு, எல்லாம் அவள் கையெழுத்துதான்.

நிலையத்தில் பெஞ்சில் உட்காரவையுங்கள். பாரா நிற்கிற காவலர், வரவேற்பாளர், ரைட்டர், ஏட்டையா என்று யார் யாருக்கு என்ன வேலை என்பதை அவர்களே சொல்லட்டும். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் மனுவைக் கொடுத்து, ரசீது கேட்கவேண்டும். மனு வாங்கினால் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) எண் போட்டு ரசீது தருவதுதான் தமிழ்நாட்டில் வழக்கம். "ரசீது குடுங்க சார்" என்ற மூன்று சொல்லை நடுங்காமல் சொல்லப் பழகுவதற்கே எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று ஒத்திகை தேவைப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கும் தேவைப்படும்.

வகுப்பில் ஒத்திகை பார்க்கும்போது மூன்று நாற்காலி போடுங்கள். ஒருவர் மனுதாரர், ஒருவர் ரைட்டர், ஒருவர் கூட வந்தவர். ரைட்டராக உட்காருகிற பிள்ளை கட்டாயம் அதட்டும், "போய்ட்டு நாளைக்கு வா" என்று சொல்லும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்லும். அப்போது நிறுத்தி இடம் மாற்றி உட்காரவையுங்கள். அதட்டியவனே மனுதாரராக உட்கார்ந்து அதே அதட்டலைக் கேட்கட்டும். நீங்கள் எதுவும் விளக்கவேண்டியது இல்லை.

எந்தச் சட்டம், எவ்வளவு

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த வயதில் தேவைப்படுகிற சட்டம் மட்டும் போதும். பிரிவு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

நான் கரும்பலகையில் எழுதுவது இவை. 15 வயதுக்கு உட்பட்ட பையனையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, இருக்கிற வீட்டுக்கு வந்துதான் கேட்கவேண்டும். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு இது. பழைய சட்டத்திலும் இருந்ததுதான். 18 வயதுக்கு உட்பட்டவர் தப்பே செய்திருந்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். பாலியல் துன்பத்துக்கு ஆளான குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வருகிற காவலர் உடுப்பில் வரக் கூடாது, கூடியவரை உதவி ஆய்வாளர் தரத்துக்குக் குறையாத பெண்ணாக இருக்கவேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இது போக்சோ சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். சம்பவம் நடந்த எல்லை வேறாக இருந்தாலும் புகாரை வாங்கவேண்டும்.

உடுப்பில் வரக் கூடாது என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி வரும். காக்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்ப்பார்கள். சட்டமே உடுப்பைக் கழற்றிவைக்கச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள். இந்தப் பாடத்துக்காகவே உடுப்போடு உட்காரவைத்து நடத்துகிறேன்.

எண்கள்: 1098 குழந்தைகளுக்கு, 112 அவசரத்துக்கு, 181 பெண்களுக்கு, 1930 இணையப் பண மோசடிக்கு, 14417 பள்ளிக்கல்விக்கு. 1930-ஐ வீட்டில் அப்பா அம்மா போனில் பதிந்து வைப்பதுதான் அந்த வார வீட்டுப்பாடம்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி வரும். "டீச்சர், நாங்களும் திருடனப் பிடிக்கலாமா?" பொய் சொல்லாதீர்கள். கண்ணெதிரே பிணையில் விடமுடியாத பெருங்குற்றம் நடந்தால் எந்தத் தனிமனிதரும் பிடித்து உடனே, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது ஊரில் உள்ள எல்லோருக்கும் உள்ளது. உங்கள் உடுப்பு அதற்குமேல் ஓர் அணாவும் சேர்க்கவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் குழந்தைகள், ஓடிவந்து பெரியவரிடம் சொல்வதே உங்கள் வேலை என்றும் சொல்லுங்கள்.

லத்தி, உளவு, சாலை

லத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாமே, பிள்ளைகளுக்குத் துணிச்சல் வருமே என்று கேட்கிற பெற்றோர் உண்டு. துணிச்சலுக்குச் சிலம்பம் இருக்கிறது. ஊரில் சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் இருக்கிறார். சிலம்பத்தில் எதிரே நிற்கிறவன் கையிலும் கம்பு இருக்கும். லத்திப் பயிற்சியில் எதிரே இருப்பவன் கை வெறுங்கை. பிள்ளைகளின் மனதில் இந்த வித்தியாசம் தங்கும்.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு பாடம் கண்முன் இருக்கிறது. 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் அமைப்பு, போலீசுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இருக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்தத் தாக்குதலில் காவல்துறை நண்பர்களுக்கும் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பு அதை மறுத்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்கே தடை போட்டது. யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுவோம். அதிகாரி அல்லாத ஒருவர், அதிகாரம் நடக்கிற அறைக்குள் நிற்கிறார், அவர் பார்வையாளரா பங்காளியா என்று யாருக்கும் தெரியவில்லை என்ற நிலையே ஆபத்து. வளர்ந்தவர்களுக்கே அப்படி என்றால், பதினாலு வயசுப் பிள்ளையை நாம் எங்கே நிறுத்தலாம்?

உளவு சொல்வது இதைவிட மோசம். ஒருமுறை ஓர் அதிகாரி என்னிடம், "பள்ளிக்கூடத்துப் பக்கம் கஞ்சா யார் விக்கிறான்னு உங்க பசங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர், பேரு வெளிய வராது" என்றார். நல்ல மனுஷன்தான், அவருக்கு மேலிடத்து நெருக்கடி. "சார், விக்கிறவன் வீடும் இந்தப் புள்ள வீடும் ஒரே தெரு. பேரு வெளிய வந்துரும்" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. நீங்களும் இதை மென்மையாக, ஆனால் முதல் முறையிலேயே மறுத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஏதாவது தெரிந்தால் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லட்டும். பள்ளியில் இருக்கும் மாணவர் மனசு பெட்டியில் பேரில்லாமல் எழுதிப் போடட்டும். அதன்பிறகு புகார் கொடுப்பது பெரியவர்களுடைய வேலை, நம்முடைய பேரில். போக்சோ சட்டமும் இதையே சொல்கிறது. குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தண்டனை உண்டு, குழந்தைக்கு இல்லை.

பை சோதனை பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சாலைக்கு வருவோம். நெடுஞ்சாலையில் பிள்ளைகளை நிறுத்தி வாகனத்தை மறிக்கவிடாதீர்கள். தேனி சாலையில் லாரி வருகிற வேகம் எனக்குத் தெரியும். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும்போது வெயிலில் நிறுத்தித் தட்டி பிடிக்கச் சொல்வார்கள். அரை மணி நேரம், நிழலில், கேட்டுக்கு உள்பக்கம், இரண்டு பெரியவர்கள் கூட இருந்தால் சம்மதியுங்கள். ஹெல்மெட் போடாதவர்களைப் போட்டோ எடுக்கும் வேலை வேண்டாம். அதற்குப் பதில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆம்புலன்சுக்கு 108. அடிபட்டவரைக் காப்பாற்றியவரைக் காவல் நிலையம் வழக்கு என்று இழுக்கக் கூடாது, பேர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134 ஏ பிரிவு இருக்கிறது. எங்கள் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. பிள்ளைகள் இதைத் துண்டுச் சீட்டில் எழுதி டீக்கடையில் ஒட்டினார்கள். கடைக்காரர் இன்றுவரை கிழிக்கவில்லை.

அணிவகுப்பு

இதில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வாரம் ஒரு நாள், காலை எட்டு மணிக்கு முன்னால் முடியவேண்டும். சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள், கேட்காதீர்கள், எல்லோருக்கும் சுண்டலோ கடலை மிட்டாயோ கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை அணிவகுப்பு கற்றுத்தர வருகிற காவலரிடம் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு வந்த ஏட்டையா ஒருவர் தப்பாகக் கால் போட்ட பிள்ளையையே அடுத்த சுற்றுக்குக் கட்டளை கொடுக்கச் சொல்வார். அந்த முறையை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அணிவகுப்பை நிறுத்திவிட்டு நீரைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் ஏதாவது ஒரு பிள்ளை முழுகிப்போகும். காப்பாற்றக் குதித்த பிள்ளையும் சேர்ந்து போகும். குதிக்காதே, கத்து, சேலையோ துண்டோ கயிறோ எறி, காலிக் குடத்தை மிதக்கவிடு. இதைத் தரையில் படுத்து, ஒருவர் முழுகுகிறவராக நடித்து, ஒருவர் துண்டு எறிந்து இழுத்துப் பழகவேண்டும். காவல்துறைப் பயிற்சியில் உயிர் காப்பாற்றுகிற பகுதி இது. தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள். 50,000 ரூபாயில் நான் முதலில் வாங்கியது நைலான் கயிறும் முதலுதவிப் பெட்டியும்தான்.

மாதம் ஒருமுறை ஒரு வேலை செய்யுங்கள். படையில் இல்லாத பிள்ளைகள் ஐந்து பேரை, வேறு வேறு வகுப்பிலிருந்து, தனியாகக் கூப்பிட்டு "காக்கி போட்ட அண்ணன், அக்கா யாராவது உங்களை அதட்டுறாங்களா?" என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லும். யாராவது பெயர் சொன்னால் அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தித் திட்டாதீர்கள். உடுப்பை ஒரு மாதம் பள்ளி பீரோவில் வைத்துவிட்டு, சாதாரண உடையில் அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பையைக் கொட்டிய பையனுக்கு நான் அதைத்தான் செய்தேன். அந்த ஒரு மாதம் அவனுடைய வேலை ஏழாம் வகுப்புக்கு அருகில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவது. மூன்றாவது வாரம் அந்த முட்டைப் பையனும் கூட நின்று வாளி தூக்கினான். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒப்புதல் கடிதம்

முதல் அணிவகுப்புக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் போட்டு ஒப்புதல் வாங்கவேண்டும். அச்சடித்த படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கடிதம் ஒரு பக்கம். பயிற்சி எந்த நாள், எத்தனை மணிக்கு. வெளியே கூட்டிப்போனால் முன்கூட்டியே தகவல். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் கேட்கமாட்டோம். யாரையும் சோதனை போடவோ, பிடிக்கவோ, தகவல் சேகரிக்கவோ பிள்ளையைப் பயன்படுத்தமாட்டோம். பிள்ளையின் கைரேகையை எடுக்கமாட்டோம், புகைப்படத்தை உங்களைக் கேட்காமல் வெளியிடமாட்டோம்.

அந்தக் கடைசி வரியைச் சேர்த்த வருடம் அந்தத் தாத்தாவும் கூட்டத்துக்கு வந்திருந்தார். பேரனுக்கு அவர்தான் பொறுப்பாளர், அப்பா அம்மா திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். நான் வாசித்து முடித்ததும் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுதத் தெரியாது. பக்கத்தில் இருந்த எழுத்தர் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

தாத்தா கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மைப்பெட்டியை மூடி உள்ளே வைத்தேன். "அடுத்த வாரம் குடுத்தாப் போதும்யா" என்றேன்.

வியாழக்கிழமை பேரன் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு கிழித்து, நடுவில் நான்கு எழுத்து, ஒன்று பெரிதாக, ஒன்று சாய்ந்து, நீல மையில் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. "மூணு நாளாச்சு டீச்சர்," என்றான், "நோட்டு ஒண்ணு தீந்துபோச்சு."